பாட்டையா முகம்

குருவுக்கு வயது நாற்பத்துமூன்று, சிஷ்யைக்கு ஐம்பத்தேழு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் ஆலமரத்தையும் வெண்தாடியையும் எதிர்பார்த்து ஏமாந்துபோவார்கள்.

குருவின் பெயர் ஆரோக்கியமேரி. பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு சொல்லிக்கொடுத்தார். அதிகம் பேசமாட்டார். அவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும்.

சிஷ்யை தெய்வானை, அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவர். பள்ளியின் முன்சுவர் முழுக்க அவர் வரைந்த பெரிய ஓவியம் ஒன்று உண்டு. ஒரு கோடை விடுமுறை முழுவதும் சாரத்தில் நின்று வரைந்தது. திறப்பு விழாவன்று பார்த்தால் கீழே கல்லில் தலைமையாசிரியர் பெயர் இருந்தது. டீச்சருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் போகவே இல்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

வந்த முதல் நாளே கேட்டார்.

“மேடம், நம்ம ஓவிய வரலாற்றுல பொம்பளைங்க ஏன் இல்லை?”

“இல்லைன்னு யாரு சொன்னா?”

“புத்தகத்துல எங்கயும் காணோமே.”

“புத்தகத்துல காணோம். சரி. வேற எங்கயாவது தேடுங்க டீச்சர்” என்றார் ஆரோக்கியமேரி. முதல் பாடம் அத்துடன் முடிந்தது.

டீச்சர் தேடினார். செட்டிநாட்டுப் பக்கம் பெரிய பெரிய வீடுகளில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த ஆளுயரப் படங்கள் இருக்கும். அந்தக் காலத்தில் அந்தப் படங்களுக்குப் பேர்போனவர் திருவேங்கட ராஜு. படத்தின் கீழ் மூலையில் சிவப்பு எழுத்தில் ‘ராஜு’ என்று இருந்தால் வீட்டுக்காரர்கள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிப் பெருமைப்படுவார்கள். அவரைப் பற்றிக் கட்டுரைகள் உண்டு. அவருக்கு மனைவி இருந்தாரா என்பது எந்தக் கட்டுரையிலும் இல்லை.

மனைவி இருந்தார். பெயர் கமலவேணி. இதை டீச்சருக்குச் சொன்னவர் சாத்தப்பன்.

சாத்தப்பன் அறுபதைத் தாண்டியவர். பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து, வெள்ளையடித்து, ஊரார் வந்து பார்க்கும்படி ஓர் ஓவியக்கூடமாக ஆக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் படங்களைப் பார்க்கப் போனபோது போகிறபோக்கில் சொன்னார்.

“எங்க அப்பத்தா படத்தை வரைஞ்சது ராஜு இல்லை டீச்சர். அவரு சம்சாரம். அந்தக் காலத்துல பொம்பளைங்க இருக்கிற ரெண்டாங்கட்டுக்குள்ள வெளி ஆம்பளை வர முடியுமா? அந்தம்மாதான் உள்ள வந்து தங்கி வரைஞ்சுச்சாம். கமலவேணின்னு பேரு. அப்பத்தா சொல்லிக்கிட்டே இருக்கும், அந்தம்மா வரையுறப்ப ஒரு வார்த்தை பேசாது, ஆனா மூக்குத்தியை மட்டும் கழட்ட விடாதுன்னு.”

டீச்சர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் பேருந்தில் அந்தப் பெயரைப் பல தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சாத்தப்பன் வீட்டுச் சாமான் அறையில் பெண்களின் படங்கள் கோணி போட்டு மூடிக் கிடந்தன. சட்டம் இல்லை. தேக்குச் சட்டங்களை யாரோ கழற்றி, சாமி படங்களுக்கும் வீட்டு ஆண்களின் புகைப்படங்களுக்கும் போட்டுவிட்டார்கள். டீச்சர் ஒவ்வொன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் வைத்து, புகைப்படம் எடுத்தார். இருமல் வந்தது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு எடுத்தார்.

பிறகு உட்கார்ந்து முதல் இயலை எழுதிக்கொண்டு வந்தார். ஆரோக்கியமேரி ஒரு பக்கத்தில் நிறுத்தி, ஒரு வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

“‘பெண்மைக்கே உரிய நளினமான கோடுகள், இவை கமலவேணியின் கைவண்ணமே என்பதை ஐயமறக் காட்டுகின்றன.’”

“ஆமா மேடம்” என்றார் டீச்சர். அந்த வரி அவருக்கு மிகவும் பிடித்த வரி.

ஆரோக்கியமேரி மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து வைத்தார். ஒன்றில் மல்லிகைச் சரம், இருக்கிறதா இல்லையா என்ற மெல்லிய கோடுகளில். இன்னொன்றில் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கும் காளை.

“இதுல எது பொம்பளை வரைஞ்சது?”

டீச்சர் தயங்கவில்லை. மல்லிகையைத் தொட்டார்.

“அது எங்க பழைய துறைத்தலைவர். காலையில தண்டால் எடுத்துட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவார். காளை, என் கூடப் படிச்ச செல்வராணி போட்டது. பூவைக் கண்டாலே அவளுக்குத் தும்மல் வரும்.”

டீச்சருக்கு முகம் சுருங்கிப்போனது.

“கோட்டுக்கு மீசையும் கிடையாது, கொண்டையும் கிடையாது டீச்சர்” என்று சொல்லி, ஆரோக்கியமேரி பேனாவை நீட்டினார். அந்த வரியை டீச்சரே அடித்தார்.

வரி போனால் போகட்டும், ஆள் இருக்கிறாள் என்று டீச்சர் தன்னைத் தேற்றிக்கொண்டார். மறுபடி சாத்தப்பன் வீட்டுக்குப் போனார். அங்கே அவருக்குப் பெரிய சந்தோஷம் காத்திருந்தது.

“யோசிச்சுப் பாத்தேன் டீச்சர். நீங்க இவ்வளவு பாடுபடுறீங்க. பொம்பளைங்க படத்தையெல்லாம் வடக்குப் பக்கத்துச் சின்ன அறையில மாட்டிருவோம். அந்த அறைக்கு அந்தம்மா பேரையே வச்சிருவோம். கூடத்துல இருக்கிற ஆம்பளைங்க படம் ராஜு பேருல இருக்கட்டும். சரிதானே?”

டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நூறு வருஷமாக எங்கேயும் இல்லாத ஒரு பெயருக்கு ஓர் அறை. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, சந்தோஷத்தில்.

மறுநாள் குருவிடம் ஓடினார். ஆரோக்கியமேரி முழுவதையும் கேட்டார்.

“நல்லது டீச்சர். ஆம்பளைங்க படத்தை யாரு வரைஞ்சது?”

“ராஜுதான்.”

“எப்படித் தெரியும்?”

“கையெழுத்து இருக்கே மேடம்.”

“பொம்பளைங்க படத்துல?”

டீச்சர் பையிலிருந்த புகைப்படங்களை எடுத்து மேசையில் வைத்தார். பெண்களின் படங்களிலும் அதே சிவப்பில் அதே ‘ராஜு’தான் இருந்தது. அங்கே அந்தக் கையெழுத்தை நம்பாதே என்று பத்துப் பக்கம் எழுதியிருந்தார். கூடத்துக்கு வந்ததும் அதே கையெழுத்தை நம்பிவிட்டார். தான் அப்படிச் செய்தது இந்த நிமிஷம் வரை அவருக்குத் தெரியவே இல்லை.

ஆரோக்கியமேரி புகைப்படங்களைப் புரட்டினார். ஒன்றில் கை நின்றது. முகமும் இரண்டு கைகளும் மட்டும் முழுதாக வரைந்த ஓர் இளம்பெண். மற்றபடி வெறும் கேன்வாஸ்.

“இது எந்த இயல்ல வருது?”

“அது வரலை மேடம். முடியாத படம். அவங்க அப்பத்தாவோட தங்கச்சியாம். படம் முடியறதுக்குள்ள காலராவுல போயிட்டாங்களாம். கையெழுத்துகூட இல்லை, அதனால விட்டுட்டேன்.”

“கையெழுத்து இல்லாததால விட்டுட்டீங்க.”

குரு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு. ஆரோக்கியமேரி திட்டவில்லை. முடியாத படத்தை நடுவில் வைத்தார். முடிந்த படங்களை அதன் இரண்டு பக்கமும் பரப்பினார். “எனக்கு வகுப்பு இருக்கு” என்று எழுந்து போய்விட்டார்.

டீச்சர் தனியாக உட்கார்ந்து பார்த்தார். முதலில் முகங்களைப் பார்த்தார். பிறகு, வரைகிற ஆள் என்பதால், ஓரங்களைப் பார்த்தார்.

வண்ணம் கலக்குகிறவர்கள் கலவை சரியாக வந்திருக்கிறதா என்று எங்கேயாவது ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பார்கள். சட்டத்துக்குள் மறையப்போகும் அந்த ஒரு விரல் அகல ஓரம்தான் அதற்கு வசதி. டீச்சரும் அப்படித்தான் செய்வார். சட்டம் இல்லாத இந்தப் படங்களில் அந்த ஓரம் வெட்டவெளிச்சமாக இருந்தது.

முடிந்த படங்கள் எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் தோல் நிறப் பொட்டுகள். கீழே கருமை, போகப்போக வெளுப்பு, ஏணி மாதிரி வரிசையாக மேலே ஏறின. வலது ஓரத்தில் பொட்டே இல்லை. திரைச்சீலையின் சிவப்பும் தூணின் பச்சையுமாக, பிரஷ்ஷை நீளநீளமாக இழுத்துத் துடைத்த தடங்கள். ஒன்று பொறுமைசாலியின் கை. மற்றது அவசரக்காரரின் கை.

முடியாத படத்தில் இடது ஓரத்து ஏணி இருந்தது. வலது ஓரம் சுத்தமாக இருந்தது.

ஆரோக்கியமேரி திரும்பி வந்தபோது டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

“மேடம், இதெல்லாம் ஒரு ஆள் போட்ட படம் இல்லை. ரெண்டு பேரு. முகமும் கையும் முதல்ல. அது அந்தம்மா, வீட்டுக்குள்ள உக்காந்து பாத்துப் போட்டது. அப்புறம் படம் ராஜுவோட கடைக்குப் போகுது. அங்க அவரு நாற்காலி, திரை, தூணெல்லாம் போடறாரு. போட்டுட்டு, கையில இருக்கிற திரைச்சீலைச் சிவப்புலயே மூலையில பேரையும் போட்டுடறாரு. இந்தப் பொண்ணு செத்துட்டதால படம் கடைக்கே போகலை.”

“கடைசியா பிரஷ்ஷைப் பிடிச்சவர் பேரு.”

“ஆமா மேடம்.”

“அப்ப கூடத்துல இருக்கிறது?”

டீச்சர் யோசித்தார். கூடத்தில் நடுநாயகமாக இருப்பது பாட்டையா படம். சாத்தப்பனின் கொள்ளுத் தாத்தா. ராஜுவின் படங்களிலேயே சிறந்தது என்று எல்லாரும் சொல்வது அதைத்தான்.

“சட்டத்தைக் கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். ஆனா அது அவங்களுக்குச் சாமி மேடம். வருஷா வருஷம் அதுக்கு முன்னாடிதான் படையல் போடறாங்க. கண்ணாடி மேல சந்தனம் குங்குமம்லாம் இருக்கு. தொடவே விடமாட்டாங்க.”

“கேட்டுப் பாத்தீங்களா?”

“இல்லை.”

“நான் கேக்கவா, நீங்க கேக்கறீங்களா?”

“நானே கேக்கறேன்” என்றார் டீச்சர். குரலில் கொஞ்சம் சூடு இருந்தது.

கேட்டார். சாத்தப்பன் சிரித்தார்.

“பாட்டையாவைச் சுவத்துலேர்ந்து எறக்கினதே இல்லை டீச்சர். வெள்ளையடிக்கிறவன்கூடச் சுத்தித்தான் அடிப்பான். வேற எதுனாலும் கேளுங்க.”

டீச்சர் வேறு எதையும் கேட்கவில்லை. மறுநாளும் போய் அதையே கேட்டார். அதற்கு மறுநாளும் போனார். சாத்தப்பன் காப்பி கொடுத்தார், பலகாரம் கொடுத்தார், அனுமதி மட்டும் கொடுக்கவில்லை. டீச்சர் காப்பியைக் குடித்துவிட்டுப் பாட்டையாவுக்கு எதிரே போய் நின்றுகொள்வார். அசையமாட்டார். வேலையாட்கள் ஏணியோடு அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

பாட்டையாவும் அசையவில்லை. அருமையான முகம் அது. பெரிய மனிதர் என்ற தோரணை எல்லாம் நாற்காலியில்தான் இருந்தது. முகத்தில், தொழிலுக்குப் போன ரங்கூனில் எதையோ விட்டுவிட்டு வந்த ஓர் ஆளின் அசதி இருந்தது. தன்னை ஒருவர் பார்ப்பதை மறந்து உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒரு மனிதரின் முகம் அப்படி ஆகும்.

அப்படி நின்று நின்று பார்த்ததில் ஒருநாள் சட்டத்தின் மேல் மூலையில் மெல்லிய மண்கோடு ஒன்று கண்ணில் பட்டது.

“அண்ணே, கரையான்” என்றார் டீச்சர்.

சாத்தப்பன் நம்பவில்லை. “டீச்சர், இது நல்ல தந்திரம்” என்றார். பிறகு ஏணியில் ஏறித் தானே பார்த்தார். இறங்கும்போது முகம் மாறியிருந்தது.

நல்ல நேரம் பார்த்தார்கள். காலை வேளையில் சூடம் காட்டி, சாத்தப்பன் விழுந்து கும்பிட்டு எழுந்தபின், ஆசாரி ஆணிகளைப் பிடுங்கினார். டீச்சர் சொல்லி ஆரோக்கியமேரியும் வந்திருந்தார், ஓரமாக நின்றார். படத்தை விரிப்பில் கிடத்தினார்கள். கரையான் பின்பலகையைத் தின்றிருந்தது, நல்லவேளையாகக் கேன்வாஸை எட்டவில்லை. ஆசாரி சட்டத்தை மெதுவாகத் தூக்கினார்.

டீச்சருக்குக் குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது. இத்தனை அலைச்சலுக்கும் பிறகு அங்கே ஒன்றும் இல்லாமல் போய்விடலாம். இடது ஓரம் வெறுமையாக இருந்தால், முகமும் ராஜுவுடையதுதான் என்றால், அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

குனிந்தார்.

இடது ஓரத்தில் கீழிருந்து மேலாகத் தோல் நிறப் பொட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. கருமையில் தொடங்கி வெளுப்பு வரைக்கும், வரிசையாக. வலது ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாக நீளத் தடங்கள். சாமான் அறைப் படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சாத்தப்பனே குனிந்து, இதையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார்.

டீச்சர் அழுதார். சத்தமில்லாமல், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, நன்றாகவே அழுதார்.

சாத்தப்பன் நிமிர்ந்தார்.

“அப்ப பாட்டையா முகத்தைப் போட்டது அந்தம்மாங்கிறீங்க.”

“ஆமாண்ணே.”

“பாட்டையா ஒரு பொம்பளை முன்னாடி கைகட்டி உக்காந்திருப்பாரா?”

“உக்காந்துதானே இருக்காரு.”

“ராஜு என்ன பண்ணினாரு?”

“நாற்காலி, திரை, தூண், கம்பளம். எல்லாம் நல்லாத்தான் போட்டிருக்காரு. யாரும் குறை சொல்லலை.”

“டீச்சர், நாங்க தலைமுறை தலைமுறையா விழுந்து கும்பிடற முகம் இது.”

“அவ்வளவு உசிரா வரைஞ்சதுனாலதானே கும்பிடத் தோணுது.”

சாத்தப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதையை ஒரு காலை வேளையில் யாரோ வந்து மாற்றினால் யாருக்கும்தான் பொறுக்காது.

அவர் உள்ளே போய் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் பிரித்தார். ஓவியக்கூடத்துக்காக அடித்து வாங்கிய பித்தளைத் தகடுகள். எல்லாவற்றிலும் ‘ஓவியர் திருவேங்கட ராஜு’ என்று வெட்டியிருந்தது. ஒன்றே ஒன்றில் மட்டும் ‘ஓவியர் கமலவேணி அம்மாள்’.

“பாருங்க டீச்சர். ஒரே அளவு, ஒரே எழுத்து. அந்தம்மாவுக்கு நான் குறை வைக்கலை. அறை வாசல்ல மாட்டத்தான் இது. பொம்பளைங்க படம் பூரா அந்தம்மாது, ஆம்பளைங்க படம் பூரா ராஜுது. சண்டையே இல்லை. இதுக்கு ஒத்துக்கிட்டீங்கன்னா அறை உண்டு. இல்லை, கூடத்துலயும் கை வைப்பேன்னா, அறையும் கிடையாது, தகடும் கிடையாது. ராஜு படம்னுதான் வெளியூர்லேர்ந்து வந்து பாக்கப்போறாங்க. யோசிச்சுச் சொல்லுங்க. நான் இப்ப வந்தர்றேன்.”

அவர் பின்கட்டுக்குப் போனார். ஆசாரி புதுப் பலகை எடுத்துவர வெளியே போனார். கூடத்தில் இரண்டு பெண்களும் தரையில் கிடந்த பாட்டையாவும்தான் இருந்தார்கள்.

டீச்சர் அந்தத் தகட்டைக் கையில் எடுத்தார். கனமாக இருந்தது. அந்தப் பெயரை எழுத்தில் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. தான் எழுதியது கணக்கில் சேராது.

“என்ன மேடம் பண்றது?”

ஆரோக்கியமேரி குனிந்து பாட்டையாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அறையை வாங்கிக்கிட்டா, முழுசா உண்மை இல்லை. அந்தப் படங்கள்லயும் பாதி ராஜு இருக்காரு. வேண்டாம்னா, பேரே இல்லை. ஆய்வேட்டுல எழுதலாம், எழுதுவேன். அதை நாலு பேரு படிப்பாங்க. இங்க ஊரே வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரும். முதல்ல ஒரு அறையாவது கிடைக்கட்டும், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்கு. நான் நினைக்கிறது தப்பா மேடம்?”

“தப்புன்னு சொல்லமாட்டேன்.”

“பின்ன?”

“ஒண்ணு கேக்கறேன். ராஜுவுக்கு எந்த அறை?”

“எது மேடம்?”

“இந்த வீட்டுல. ராஜுவுக்கு எந்த அறையை ஒதுக்கியிருக்காங்க?”

“அவருக்கு எதுக்கு அறை? அவருதான் வீடு பூரா இருக்காரே.”

“கமலவேணி எங்கெல்லாம் இருக்கா?”

டீச்சர் சுற்றிலும் பார்த்தார். கூடத்துச் சுவர்களில் சாத்தப்பனின் முன்னோர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மீசை வைத்த முகங்கள், வைரக் கடுக்கன் போட்ட முகங்கள், ஒரு கண் லேசாகச் சுருங்கிய முகம், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். ஒவ்வொரு முகமாக நின்று பார்த்தார். தூண்களையும் திரைகளையும் கூடப் பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முதுகு நிமிர்ந்தது.

சாத்தப்பன் திரும்பி வந்தார்.

“என்ன டீச்சர், முடிவு பண்ணிட்டீங்களா?”

டீச்சர் தகட்டை அவர் கையில் கொடுத்தார்.

“ஏன், எழுத்து பிடிக்கலையா?”

“எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே. மாட்டப்போற இடந்தான் சரியில்லை. இதைப் பாட்டையா படத்துக்குக் கீழ மாட்டுங்க, ராஜு தகட்டுக்குப் பக்கத்துல. மத்த படங்களுக்கும் இதே மாதிரி அடிக்கச் சொல்லுங்க. பொம்பளைங்க படத்தை இங்க கூடத்துக்குக் கொண்டாந்து அதுங்களுக்கும் ரெண்டு பேரு பேரும் போடுங்க. மத்த சட்டங்களையும் ஒண்ணொண்ணாக் கழட்டிப் பாத்துருவோம். எங்கயாவது என் பேச்சு தப்புன்னா அங்கே அந்தம்மா பேரை நானே எடுத்துடறேன்.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா ஒண்ணும் வேண்டாம். அறையில வச்சு நான் அவங்களைப் பூட்டமாட்டேன். நாளைக்கு வரேன்ணே. நாளான்னைக்கும் வரேன். இந்த முகத்தைப் போட்டது யாருன்னு இங்க வந்து நிக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் வாயாலயாவது சொல்லிக்கிட்டிருப்பேன். நீங்க காப்பி குடுத்தாலும் குடுக்காட்டியும்.”

சாத்தப்பன் தகட்டையும் டீச்சரையும் பார்த்தார். தரையில் கிடந்த பாட்டையாவைப் பார்த்தார். கடைசியில் ஆரோக்கியமேரி பக்கம் திரும்பினார்.

“மேடம், இவங்களுக்கு நீங்கதானே குரு. நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?”

ஆரோக்கியமேரி தோள்பையை மாட்டிக்கொண்டார்.

“எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லைங்க” என்றார். “டீச்சர் சொல்லியாச்சு.”